ஏட்டில் ஏறாத உயிர்கள்

வாசல் திண்ணையில் ஏட்டை விரித்துக்கொண்டு கணக்கெடுப்பாளர் அமர்ந்திருக்கிறார். எதிரே ஒரு மூதாட்டி. "வயசு என்ன பாட்டி?" என்ற கேள்விக்கு எண் வரவில்லை. "அதெல்லாம் யாரு எழுதி வெச்சா தம்பி? தனுஷ்கோடியக் கடல் கொண்ட வருஷம் மூத்தவன் கைக்குழந்தை" என்கிறார் அவர். கேட்பவர் கடமை அறிந்தவராயின் ஏட்டை மூடிவிடமாட்டார். பூப்பெய்தி எத்தனை ஆண்டில் திருமணம், திருமணமாகி எத்தனை ஆண்டில் பிள்ளை என்று மெல்லக் கேட்பார். இரண்டாம் ஆண்டில் திருமணம், மறு ஆண்டில் பிள்ளை என்று விடை கிடைக்கும். பூப்பெய்தியது பதினான்கில் என்று கொண்டால், 1964 டிசம்பரில் புயல் வீசியபோது அவருக்குப் பதினேழு. ஆகவே 2011 கணக்கெடுப்பில் அவர் வயது அறுபத்துமூன்று அல்லது அறுபத்துநான்கு. பொறுமையற்றவராயின் முகத்தைப் பார்த்து 60 என்றோ 65 என்றோ எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்துவிடுவார்.

இப்படி எழுதப்பட்ட வயதுகளை நாடு முழுவதும் தொகுத்துப் பார்த்தால், ஐந்திலும் பூச்சியத்திலும் முடியும் எண்களில் மக்கள் குவிந்து நிற்பது தெரியும். நாற்பது வயதினர் மலைபோல் உயர்ந்திருப்பர். முப்பத்தொன்பதிலும் நாற்பத்தொன்றிலும் பள்ளம் விழுந்திருக்கும். எந்தச் சமுதாயத்திலும் மக்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மட்டும் கூடுதலாகப் பிறப்பதில்லை. ஆதலின் புள்ளியியலார் இக்குவியலை அளந்து, கணக்கெடுப்பின் தரத்துக்கே அதை ஒரு சான்றாகக் கொள்கின்றனர். பின்னர் கணித முறைகளால் மேட்டைச் சரித்துப் பள்ளத்தை நிரப்புகின்றனர். அவர்களால் குவியலைத் திருத்த முடியும். அந்தத் திண்ணையில் அமர்ந்திருந்த மூதாட்டியின் வயதைத் திருத்த முடியாது. அதை அறிய இருந்த ஒரே வாய்ப்பு, கேட்டவரின் பொறுமை.

வயதை இவ்வளவு வருந்திக் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஒரு நாட்டு மக்கள் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதற்கு, அவர்கள் எந்தெந்த வயதில் இறக்கின்றனர் என்பதைவிட நேர்மையான சாட்சி இல்லை. வருமானத்தை மறைக்கலாம், உண்டதை மிகைப்படுத்தலாம். இறப்பை வீட்டார் மறக்கலாமேயன்றி மாற்றிச் சொல்வது அரிது. 1662ஆம் ஆண்டு இலண்டன் வணிகர் ஜான் கிராண்ட், நகரத் திருச்சபைகள் வாரந்தோறும் அச்சிட்ட இறப்புப் பட்டியல்களைத் தொகுத்து ஆராய்ந்தார். பிறக்கும் நூறு பேரில் முப்பத்தாறு பேர் ஆறு வயதுக்குள் மடிகின்றனர் என்று அவர் மதிப்பிட்டார். வால்மீனால் பெயர் பெற்ற எட்மண்ட் ஹாலி 1693இல் பிரெஸ்லாவ் நகரத்துப் பிறப்பு, இறப்புப் பதிவுகளைக் கொண்டு வாழ்நாள் அட்டவணை ஒன்றை வகுத்தார். இன்றளவும் நாம் பயன்படுத்துவது அம்முறையின் வளர்ந்த வடிவமே.

அம்முறையை இவ்வாறு விளக்கலாம். ஒரே நாளில் ஓர் இலட்சம் குழந்தைகள் பிறப்பதாகக் கொள்ளுங்கள். இவ்வாண்டு நம் நாட்டில் ஒரு வயது நிரம்பாத குழந்தைகள் எந்த வீதத்தில் இறந்தனரோ, அந்த வீதத்தில் அந்த இலட்சத்திலும் கழியுங்கள். எஞ்சியோரை அடுத்த வயதுக்கு அனுப்பி, அவ்வயதின் இறப்பு வீதத்தில் மீண்டும் கழியுங்கள். கடைசி உயிர் போகும்வரை இப்படியே கழித்து, அந்த இலட்சம் பேரும் வாழ்ந்த ஆண்டுகளையெல்லாம் கூட்டி இலட்சத்தால் வகுத்தால் வருவதே பிறப்புநிலை வாழ்நாள் எதிர்பார்ப்பு. நம் நாட்டில் அது 1970–75இல் 49.7 ஆண்டு, 2016–20இல் 70 ஆண்டு.

படித்தவர்கள்கூட இவ்வெண்ணைத் தவறாகப் படிப்பது நமக்கு வருத்தமளிக்கிறது. "அக்காலத்தில் ஐம்பது வயதிலேயே கிழமாகி இறந்தார்கள்" என்று மேடைகளில் பேசுகின்றனர். பத்துக் குழந்தைகளில் மூவர் பிறந்த சில நாள்களில் இறந்து, ஏழு பேர் அறுபதுவரை வாழ்ந்தால் சராசரி நாற்பத்திரண்டு. அந்தப் பத்துப் பேரில் நாற்பத்திரண்டு வயதில் இறந்தவர் ஒருவருமில்லை. தாழ்ந்த சராசரி சொல்வது பெரும்பாலும் முதியோர் கதையன்று, தொட்டில்களின் கதை. 1971இல் ஆயிரம் உயிர்ப்பிறப்புகளுக்கு 129 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தனர். 2023இல் அவ்வெண் 25. நம் வாழ்நாள் எதிர்பார்ப்பு ஏறியதில் பெரும்பங்கு இங்கிருந்தே வந்தது. முதியோரின் ஆயுள் நீண்டது அதற்கு அடுத்தபடியே.

இதே நாட்டின் வாழ்நாள் எதிர்பார்ப்பு 1911–20 காலத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டே எனக் கணக்கிட்டிருக்கின்றனர். 1918இன் நச்சுக் காய்ச்சல் வாரிக்கொண்டு போனது போக, 1921 கணக்கெடுப்பில் மக்கள்தொகை பத்தாண்டுக்கு முன்பிருந்ததைவிடக் குறைந்திருந்தது. இந்தியக் கணக்கெடுப்பு வரலாற்றில் நாட்டின் மக்கள்தொகை குறைந்ததாகப் பதிவான பத்தாண்டு அது ஒன்றே. அதனால்தான் மக்கள்தொகை ஆய்வாளர் 1921ஐப் பெரும் பிரிவுக்கோடு என்பர்.

எண்ணுவதும் சோறிடுவதும் ஒரே கடமையின் இரு கைகள் என்பதைத் தமிழ்நிலம் அதற்கும் முன்பே கண்டிருக்கிறது. நம் முன்னோர் தாது வருடப் பஞ்சம் என்று நடுங்கிச் சொன்ன 1876–78 கொடும்பஞ்சத்தின்போது, நிவாரண வேலைக்கு வந்தவர்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 450 கிராம் தானியமும் சிறு காசும் போதும் என்று அரசுப் பிரதிநிதி ரிச்சர்டு டெம்பிள் கூலியைக் குறைத்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை எதிர்த்தார். 1871ஆம் ஆண்டு மாகாண மக்கள் கணக்கெடுப்பை மேற்பார்த்தவரும் அவரே. உழைக்கும் உடலுக்குக் குறைந்தது 680 கிராம் தானியமும், அதன்மேல் காய்கறியும் பருப்பும் வேண்டும் என்று வாதாடினார். 1877 மார்ச்சில் மாகாண அரசு 570 கிராம் தானியத்துக்கும் சிறிது பருப்புக்கும் இணங்கியது. கேட்டது முழுமையாகக் கிடைக்கவில்லை. ஆயினும் கைநிறையத் தானியம் கூடியது. மக்களை எண்ணிய அனுபவமுடைய ஒருவர் அதிகாரத்தின் முன் நின்று வாதாடியதன் பயன் அது.

விடுதலைக்குப் பின் நம் நாட்டுக்கு ஒரு பெருஞ்சிக்கல் இருந்தது. பிறப்பும் இறப்பும் பதிவாகும் ஏடுகள் ஓட்டை நிறைந்தவை. கிராமத்தில் நிகழ்ந்ததில் பாதி ஏறுமோ, அதனினும் குறைவோ, எவர்க்கும் தெரியாது. தெரியாததை அளப்பது எப்படி? அதற்கான வழி வங்காளத்தில், கல்கத்தாவை அடுத்த சிங்கூரில் பிறந்தது. இந்தியப் புள்ளியியலார் சந்திரசேகரனும் அமெரிக்கர் டெமிங்கும் 1949இல் வெளியிட்ட ஆய்வுரையில் அவ்வழியைக் காட்டினர்.

ஒரே ஊரில் இருவர் தனித்தனியே பிறப்புகளைக் குறிப்பதாகக் கொள்வோம். இருவர் ஏட்டிலும் காணப்படுபவை 80. முதலாமவர் ஏட்டில் மட்டும் உள்ளவை 10. இரண்டாமவர் ஏட்டில் மட்டும் உள்ளவை 8. பத்தையும் எட்டையும் பெருக்கி எண்பதால் வகுத்தால் ஒன்று. இருவர் கண்ணுக்கும் தப்பிய பிறப்பு ஒன்று என்பது மதிப்பீடு. ஆக மொத்தம் 99. எவரும் காணாத குழந்தையைக் கணிதம் கண்டுகொள்கிறது! ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: ஒருவர் ஏட்டை மற்றவர் பார்த்திருக்கக் கூடாது. பார்த்து எழுதினால் இரண்டும் ஒத்துப்போகும்; தப்பியவை பூச்சியம் என்று வரும்; ஏடு பழுதற்றது என்ற பொய்ச்சான்று கிடைக்கும். இரண்டு மனிதர் ஒருவரையொருவர் நகலெடுக்காதிருக்கும் நேர்மையே இம்முறையின் அச்சாணி.

நம் நாட்டின் மாதிரிப் பதிவு முறை இக்கருத்தின் மேல் எழுந்தது. அறுபதுகளின் நடுவில் முன்னோட்டமாகத் தொடங்கி, 1969–70இல் முழுமை பெற்றது. இன்று ஏறத்தாழ 8,800 கூறுகளில் எண்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் அதன் பார்வையில் உள்ளனர். அங்கன்வாடிப் பணியாளரோ ஆசிரியரோ பகுதிநேரமாக அவ்வப்போது நிகழும் பிறப்பு இறப்புகளைக் குறித்து வருவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் தனியே வந்து வீடுவீடாகக் கேட்டெழுதுவார். பின்னர் இரண்டையும் ஒப்பிடுவர். ஒவ்வாதவை எவையோ அவற்றுக்காக மீண்டும் அந்த வாசலுக்கே சென்று உண்மை காண்பர். குழந்தை இறப்பு வீதம், மகப்பேற்று வீதம், வாழ்நாள் அட்டவணை என நாம் பெருமையோடும் வெட்கத்தோடும் எடுத்துக்காட்டும் எண்களுக்கெல்லாம் ஊற்று இதுவே. 2023இல் தமிழகத்தின் குழந்தை இறப்பு வீதம் 12, கேரளத்தில் 5 என்று நாம் அறிவதும், அந்த இடைவெளிக்காக நாணுவதும் இந்த இரட்டை ஏட்டால்தான்.

ஆயினும் மாதிரி முறைக்கு எல்லை உண்டு. அதை ஆட்சியாளர் மறந்துவிடுகின்றனர். மாநிலத்துக்கு ஓர் எண் தருமேயன்றி, மாவட்டத்துக்கோ ஒன்றியத்துக்கோ நம்பத்தக்க எண்ணை அதனால் தர இயலாது. மகப்பேற்றில் தாய் இறப்பது எண்ணிக்கையில் அரிதாகையால், மூன்றாண்டு நிகழ்வுகளைச் சேர்த்தே மாநில வீதத்தைக்கூடக் கணக்கிடுகின்றனர். மாநிலச் சராசரி நன்றாக இருக்கும்போது மலைக்கிராமம் ஒன்றின் அவலம் அதனடியில் புதைந்துபோகும். 2001 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 851 பேரே இருந்தனர். மாநிலம் முழுவதற்குமான எண் 942. மாநில எண்ணோடு நின்றிருந்தால் அந்தக் கொடுமையின் ஆழம் நம் கண்ணுக்குத் தெரிந்திராது. தலைக்குத் தலை எண்ணும் கணக்கெடுப்பால்தான் அது வெளிப்பட்டது.

மாவட்ட அளவில் உண்மை வேண்டுமென்றால் ஒவ்வொரு பிறப்பும் ஒவ்வொரு இறப்பும் பதிவாக வேண்டும். 1969ஆம் ஆண்டுச் சட்டம் அதைத்தான் கட்டளையிடுகிறது; இருபத்தொரு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தமிழகக் கிராமங்களில் கிராம நிர்வாக அலுவலரே பதிவாளர். இதிலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. இறப்பு நிகழ்ந்த இடத்தில்தான் பதிவு. வாழ்ந்த இடத்தில் அன்று. தொலைவிலுள்ள சிற்றூரிலிருந்து பெருநகர மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டு இறந்தவர் நகரத்தின் கணக்கில் ஏறுகிறார். அவர் ஊர் நோயற்ற ஊராகத் தோன்றும். மருத்துவம் அளித்த நகரம் சாவின் நகரமாகத் தோன்றும். வசிப்பிட வாரியாகத் தொகுத்து வெளியிட்டாலன்றி இம்மயக்கம் தீராது.

எத்தனை பேர் இறந்தனர் என்பதோடு கேள்வி முடிவதில்லை. எதனால் இறந்தனர் என்பதும் தெரிய வேண்டும். 2020இல் பதிவான இறப்புகளில் மருத்துவர் காரணம் சான்றளித்தவை நூற்றுக்கு 22.5 மட்டுமே. எஞ்சியவர்களில் பலர் வீட்டிலோ வயலிலோ வழியிலோ இறந்தவர்கள். இவர்களுக்காகவே வாய்மொழி இறப்பாய்வு என்ற முறை உருவாயிற்று. பயிற்சி பெற்ற களப்பணியாளர் இறந்தவர் வீட்டுக்குச் சென்று, கடைசி நாள்களில் காய்ச்சல் இருந்ததா, மூச்சுத் திணறியதா, உடல் வீங்கியதா என்று கேட்டு எழுதுவார். அக்குறிப்பை இரு மருத்துவர்கள் தனித்தனியே படித்துக் காரணம் வகுப்பர். இங்கும் அதே இரட்டைச் சாட்சி, அதே தனித்தன்மை.

இம்முறை நமக்கு ஒரு பேருண்மையைக் காட்டியது. மாதிரிப் பதிவுக் கூறுகளில் 2001–03 காலத்தில் நிகழ்ந்த ஏறத்தாழ 1,23,000 இறப்புகளை ஆராய்ந்தபோது, 562 பேர் பாம்பு கடித்து இறந்திருந்தனர். நாடளவில் விரித்துக் கணக்கிட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 46,000 பேர். மருத்துவமனைப் பதிவுகளில் அரசு கண்டதோ இதில் மிகச் சிறு பங்கு. காரணம் வெளிப்படை: இறந்தவர்களில் நூற்றுக்கு 97 பேர் கிராமத்தார், முக்கால் பங்குக்கு மேற்பட்டோர் எந்த மருத்துவமனையையும் எட்டாமல் இறந்தவர்கள். மழைக்காலத்து வரப்பில் இருட்டில் நடந்த உழவரும், குடிசைத் தரையில் படுத்துறங்கிய பிள்ளையும் மருத்துவமனை ஏட்டில் எவ்வாறு ஏறுவர்?

சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கப்பட்ட இருளர் கூட்டுறவுச் சங்கம் பாம்பின் நஞ்செடுத்து, மருந்து செய்வோருக்கு அளித்து வருகிறது. மருந்துக்கு மூலம் இருந்தது. அதை இயற்றும் கைத்திறனும் இருந்தது. மருந்து எங்கே, எவ்வளவு, எந்த மாதத்தில் வேண்டும் என்று சொல்லும் எண் இல்லாதிருந்தது. 2024 மார்ச்சில்தான் பாம்புக்கடி இறப்பை 2030க்குள் பாதியாக்கும் தேசியச் செயல்திட்டம் வந்தது. அதே ஆண்டு தமிழகம் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. களத்தில் கேட்டறிந்த இறப்புகளுக்கும் செயல்திட்டத்துக்கும் இடையே இருபது ஆண்டு கழிந்துவிட்டது. அந்த இருபது ஆண்டில் இறந்தவர்களை எண்ணிப் பார்க்க நெஞ்சு பதறுகிறது.

பெருந்தொற்றுக் காலம் இதே பாடத்தை இன்னும் கொடிதாகக் கற்பித்தது. 2020, 2021 ஆகிய ஈராண்டில் இந்தியாவில் வழக்கத்துக்கு மேல் நிகழ்ந்த இறப்புகள் ஏறத்தாழ 47 இலட்சம் என உலகச் சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் மதிப்பிட்டது. கோவிட் இறப்பென்று அரசு அறிவித்திருந்தது ஐந்து இலட்சத்துக்கும் குறைவு. ஒன்றிய அரசு அம்மதிப்பீட்டை மறுத்தது; கணித மாதிரியைக் குறை கூறியது. மாதிரியைக் குறை கூறுவது எவர்க்கும் உரிமை. ஆனால் அதற்குரிய விடை கைவசமுள்ள பதிவேட்டை உடனே திறந்து வைப்பதே. 2021ஆம் ஆண்டுக்கான பதிவுத் தொகுப்பு 2025 மே மாதத்தில்தான் வெளிவந்தது. பதிவான இறப்புகள் 2019இல் 76 இலட்சம், 2020இல் 81 இலட்சம், 2021இல் 1.02 கோடி என்று அது கூறியது. ஒரே ஆண்டில் இருபத்தொரு இலட்சம் கூடியிருக்கிறது. பதிவு மேம்பட்டதால் கூடியது எவ்வளவு, தொற்றால் கூடியது எவ்வளவு என்று பிரித்தறிவது ஆய்வாளர் பணி. அப்பணிக்குரிய எண்களுக்காக மூன்று ஆண்டுக்கு மேல் காத்திருக்கச் செய்ததை எவ்வகையிலும் நியாயப்படுத்த இயலாது.

எண்ணை நிறுத்திவைக்கும் வழக்கம் இதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. 2017–18 குடும்பச் செலவின ஆய்வின் முடிவுகளைத் தரக்குறைவு என்று கூறி 2019இல் அரசே வெளியிடாமல் விட்டது. புள்ளியியலார் மகலனோபிஸ் போன்றோர் மாதிரிக் கூறெடுப்பு முறைக்கே உலக வழிகாட்டிகளாய் விளங்கிய நாட்டில், பதினோராண்டுக் காலம் மக்கள் என்ன உண்டனர், எவ்வளவு செலவிட்டனர் என்பதற்குப் புதிய அரசு ஆய்வு முடிவு இல்லாமற் போயிற்று. குறையுள்ள ஆய்வெனில் குறையோடு வெளியிட்டு, குறையையும் சொல்லியிருக்கலாம். புள்ளியியலில் பிழையை மறைப்பதே பழி. பிழையின் அளவைச் சொல்வது அறிவியல்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்போ 1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடந்து வந்தது. உலகப்போரின் நடுவில் 1941இலும் நடந்தது. 2021இல் நடக்கவேண்டியது தொற்றின் பெயரால் தள்ளிவைக்கப்பட்டு, தொற்று நீங்கிய பின்னும் தள்ளிப்போய், 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடைபெறும் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. இந்தத் தாமதத்தின் விலையை ஏழைகள் அரிசியாகக் கொடுத்திருக்கின்றனர். 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் கிராமத்தாரில் 75 விழுக்காட்டினருக்கும் நகரத்தாரில் 50 விழுக்காட்டினருக்கும் வரையில் மானியத் தானியம் தருகிறது. எத்தனை பேர் என்ற எண், வெளியான கடைசிக் கணக்கெடுப்பைக் கொண்டு வகுக்கப்படுகிறது. அதனால் 2011இன் மக்கள்தொகையே அளவுகோலாக நின்றுவிட்டது. மக்கள் பெருகியும் பங்கு பெருகவில்லை. விடுபட்டோர் பத்துக் கோடிக்கு மேல் என்று பொருளியலார் ஜான் திரேஸும் ரீத்திகா கேராவும் மதிப்பிட்டனர்.

வரவிருக்கும் கணக்கெடுப்பு கைப்பேசி வழியே நடக்கும். சாதி விவரமும் சேரும். தொகுதி வரையறை பற்றிய அச்சமும் அதனோடு பின்னிக் கிடக்கிறது. அந்த அரசியல் வாதங்களைத் தனியே பேசுவோம். இங்கு நாம் கேட்பது வேறு. எந்த அட்டவணை எந்நாளில் வெளிவரும் என்பதைக் கணக்கெடுப்புத் தொடங்குமுன்பே அச்சிட்டு அறிவிக்க வேண்டும். அந்நாளை மாற்றும் அதிகாரம் அமைச்சரிடம் இருத்தலாகாது. பிறப்பு இறப்புப் பதிவுத் தொகுப்பு அடுத்த ஆண்டு முடியுமுன் மாவட்ட வாரியாக, வசிப்பிட வாரியாக வெளிவர வேண்டும். வீட்டில் இறப்பவர்களுக்கும் காரணம் கேட்டெழுதும் முறையை மாதிரிக் கூறுகளோடு நிறுத்தாமல் ஆரம்ப சுகாதார நிலையங்களின் பணியாக்க வேண்டும். வாசலில் கேட்பவருக்குப் பயிற்சியும் போதிய நேரமும் மதிப்பான ஊதியமும் தர வேண்டும். ஏராளமான வீடுகளைச் சில நாளில் முடிக்கச் சொல்லிவிட்டு அவரிடம் பொறுமையை எதிர்பார்ப்பது அநீதி.

அவர் கேட்டாக வேண்டிய கேள்விகளில் மிகக் கடினமானது ஒன்று உண்டு. பிறந்த இரண்டாம் நாளே இறந்த குழந்தையைப் பற்றி எந்த வீட்டாரும் தாமாகச் சொல்வதில்லை. பிறந்ததையும் சொல்வதில்லை, இறந்ததையும் சொல்வதில்லை. இருபத்தொரு நாளுக்குள் பதிவு செய்யும் எண்ணமே அங்கு எழுவதில்லை. அதனால்தான் மாதிரிப் பதிவு முறையில் கருவுற்ற பெண்களையும் குறித்து வைக்கின்றனர். ஆறு மாதம் கழித்து மேற்பார்வையாளர் அந்த வீட்டுக்கு வருகிறார். கையிலுள்ள தாளில் இந்த வீட்டுப் பெண் கருவுற்றிருந்தார் என்று இருக்கிறது. வீட்டில் தூளி கட்டியிருக்கவில்லை. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிறார். அந்தப் பெண் சிறிது நேரம் சும்மா இருந்துவிட்டுச் சொல்கிறார். அவர் இரண்டு வரி எழுதுகிறார்: பிறப்பு ஒன்று, இறப்பு ஒன்று.